ஆகாயத்தில் ஒரு கல்

மலைக்கோட்டைப் பாறையின் நிழலில் வாழும் திண்டுக்கல்வாசிகளுக்குக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊரின் பெயரிலேயே அது இருக்கிறது. ஆயினும் நம்மவர் பலர் கேள்விப்படாத கல் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆசியா.

1861-ஆம் வருஷம் ஏப்ரல் 17-ந் தேதி, சென்னை நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சி நிலையத்தில் போக்ஸன் துரை அதைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து முதன்முதலாக அகப்பட்ட சிறு கிரகம் இதுவே. நக்ஷத்திரப் படத்தில் இல்லாத ஒரு புள்ளி, மறுநாள் இடம் மாறியிருந்தால் அது நக்ஷத்திரமன்று; சூட்சுமம் இவ்வளவுதான். பொறுமைதான் வேண்டும்! அங்காரகனுக்கும் வியாழனுக்கும் நடுவே திரியும் அதன் குறுக்களவு சுமார் 60 கிலோமீட்டர். இங்கிருந்து மதுரை போகும் தூரத்துக்குள் ஒரு லோகமே அடங்கிவிடுகிறது.

போக்ஸனுக்கு உதவியாயிருந்த சிந்தாமணி ரகுநாதாசாரியாரை மறக்கலாகாது. 1867-ல் ஒளி மாறும் நக்ஷத்திரம் ஒன்றைக் கண்டவர் அவர்; 1874-ல் நிகழ்ந்த சுக்கிரன் கடப்பைப் பற்றி நம் பாஷைகளில் நூல் எழுதியவர். ஆனால் வானத்துக் கற்களுக்குப் பெரும்பாலும் கிரேக்க, ரோமானியத் தேவதைகளின் பெயரே சூட்டப்பட்ட காலம் அது. ஆசியாவும் அப்படியொரு தேவதையே.

1885-ல் போக்ஸன் கண்ட வீராவுக்குப் பின், 103 வருஷம் இந்தியாவிலிருந்து ஒன்றும் அகப்படவில்லை. 1988 பிப்ரவரி 17-ல், ஜவ்வாது மலைக் காவலூரில் ராஜமோகன் ஒன்றைக் கண்டார். 4130 என்று எண்ணிட்ட அந்தக் கல்லுக்குப் பெயர் ராமானுஜன்!

ஆசியா சூரியனைச் சுற்றிவர 3 வருஷம் 9 மாதம் ஆகிறது. போக்ஸன் கண்ட நாள் முதல் நாற்பது சுற்றுக்கு மேல் வந்துவிட்டது.