ஆடாமலே எழுதப்பட்ட தோல்வி

2011 ஜூன் 3. அம்மான் நகரில் லண்டன் ஒலிம்பிக் மகளிர் கால்பந்தின் ஆசியத் தகுதிச் சுற்று. ஜோர்தானை எதிர்கொள்ள வந்த ஈரானியச் சகோதரிகள், தலையையும் கழுத்தையும் மறைத்திருந்தமைக்காக ஆட்டம் தொடங்குமுன்பே தடுக்கப்பட்டனர். பந்து உருளவேயில்லை, 3-0 எனத் தோல்வி எழுதப்பட்டது. ஜோர்தான் அணியிலும் ஹிஜாப் அணிந்த வீராங்கனையர் ஒதுக்கப்பட்டனர். அதை எவரும் பேசுவதில்லை.

கழுத்து இறுகும் ஆபத்தாம்! 2012-இல் சோதனை முறையில் அனுமதித்து, 2014-இல் விதியையே திருத்தினார்களே, அந்த ஆபத்து எங்கே போயிற்று? இழுத்தால் கழன்றுவிடும்படி ஒரு துணியைத் தைக்கலாம் என்பது அதற்கு முன் எவருக்கும் தோன்றவில்லையா? 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா ஹிஜாபுடனேயே ஆடினார். எந்தக் கழுத்தும் இறுகவில்லை. பிரான்ஸ் கால்பந்துச் சம்மேளனமோ தன் போட்டிகளில் அன்றும் தடையைத் தளர்த்தவில்லை. அங்கே காரணம் பாதுகாப்பு அன்று, மதச்சார்பின்மை. காரணம் மாறும்; தடுக்கப்படுபவள் மாறமாட்டாள்.

ஃபிஃபாவை நாம் கண்டித்தது நியாயமே. ஆனால் அதே நம்மில் சிலர், "பெண்பிள்ளைக்குத் திடலில் என்ன வேலை?" என்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அதை ஓதிக்கொடுக்கிறோம். அந்நிய ஆண்களின் பார்வை படாத ஒரு திடலையும் ஒரு பெண் பயிற்சியாளரையும் நம் ஜமாஅத்துகளில் எத்தனை ஏற்பாடு செய்துள்ளன?