பேர்ச்சஸ் விலையில் எழுதப்படாத கணக்கு

போன வாரம் கடை பூட்டும் நேரம் பக்கத்துக் கடைத் தம்பி வந்து உட்கார்ந்தார். "நானா, கண்டி வீதிப் பக்கம் பத்து பேர்ச்சஸ் காணி ஒண்டு வந்திருக்கு. கொழும்புக்கு 45 நிமிஷம் எண்டு விளம்பரத்தில போட்டிருக்கு. வாங்கட்டுமா?" என்று கேட்டார். நான் விலையைக் கேட்கவில்லை. "எந்த நாள் போய்ப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை. புரோக்கர்தான் கார்ல கூட்டிப் போனார்" என்றார்.

புறக்கோட்டையில் தொழில் செய்யும் நம்மவர்களில் பலர் இப்படித்தான் வீடு வாங்குகிறார்கள். கொழும்புக்குள் காணி வாங்க முடியாது. வாடகை வீட்டில் குடும்பமும் பெருகிவிட்டது. ஆகவே வெளியே போக வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் ஒரு பெட்டிச் சாமான் எடுப்பதற்கு வண்டிக் கூலி, இறக்கு கூலி, சேதாரம் எல்லாம் கணக்குப் பார்க்கிற நாம், ஆயுள் முழுவதற்கும் ஒரு வீடு எடுக்கும்போது பேர்ச்சஸ் விலையை மட்டும் பார்த்துவிட்டு முற்பணம் கொடுத்துவிடுகிறோம்.

நானும் இந்தப் பிழையைச் செய்தவன்தான். பல வருடங்களுக்கு முன்னர் கடவத்தைக்கு அப்பால் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினேன். எட்டு மணிக்குத் திறக்க வேண்டிய கடையை ஒன்பதரைக்குத் திறந்தேன். வெளியூர் வியாபாரிகள் காலையிலேயே சரக்கெடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிறவர்கள். என் கதவு பூட்டியிருந்தால் அடுத்த கதவுக்குப் போவார்கள். போனார்கள். பிறகு சாவியைச் சிப்பந்தியிடம் கொடுத்தேன். அதனால் வந்த நட்டம் வேறு. இரவில் நான் வீடு போய்ச் சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஒருநாள் ஒரு நண்பர், மூத்தவன் எந்த வகுப்பு என்று கேட்டார். பதில் சொல்ல நான் யோசிக்க வேண்டியிருந்தது. ஏழு வருடத்தின் பின் அதை விற்றுவிட்டு, பாணந்துறையில் அதைவிடச் சிறிய வீடொன்றை வாங்கி வந்தேன்.

இதைக் கணக்காகவே பார்ப்போம். ஒரு இடம் இன்னோர் இடத்தைவிடப் பத்து இலட்சம் மலிவு. ஆனால் போக வர நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 கடை நாட்களுக்கு 52 மணித்தியாலம். வருடத்துக்கு 624. பத்து மணித்தியாலத்தை ஒரு கடை நாளாக எடுத்தால், வருடத்தில் 62 நாட்கள் வீதியில் போகின்றன. உங்கள் கடையில் ஒரு நாள் இலாபம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். பெருக்கிப் பாருங்கள், அந்தப் பத்து இலட்சம் எத்தனை வருடம் தாங்கும்?

புறக்கோட்டைக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் பிரதான வீதிக்கோ கெய்சர் வீதிக்கோ நடந்தே போகலாம். ஆகவே கரையோரப் பாதையில் பாணந்துறை, களுத்துறை, கண்டிப் பாதையில் கம்பஹா, வேயாங்கொடை போன்ற இடங்களில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு என்றால், கிலோமீற்றர் கூடினாலும் நேரம் கையில் இருக்கும். திஹாரிய, நிட்டம்புவ நல்ல ஊர்கள். பள்ளிவாசலும் பாடசாலையும் உண்டு. ஆனால் ரயில் பாதை அவற்றின் ஊடாகப் போகவில்லை. கிரிபத்கொடை நெரிசலைத் தினமும் தாண்டித்தான் வர வேண்டும். 2022 ஜூனில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போய், அதற்கும் வரிசையில் கிடந்தோமே, அப்போது ரயில் பாதையின் அருமை தெரிந்தது. ரயிலிலும் நெரிசல் உண்டு, வேலைநிறுத்தம் உண்டு. அதனால் ரயிலோடு பஸ்ஸும் உள்ள இடமே சிறந்தது.

"அதிவேகப் பாதை வருகிறது" என்ற பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள். மத்திய அதிவேகப் பாதையில் மீரிகம - குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கொழும்புக்குக் கிட்டிய கடவத்தை - மீரிகம பகுதி அப்போது முடிந்திருக்கவில்லை. அதை நம்பி வாங்கியவர்கள் பழைய கண்டி வீதியிலேயே வந்தார்கள். இருக்கிற பாதைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

அப்படியானால் கிட்டவே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் கிட்டத்தான். ஆனால் 2016 மே மாதத்திலும் 2025 நவம்பரிலும் களனி கங்கை பெருகியபோது அங்கே எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மேட்டு நிலமும் உண்டு. விற்பவரிடம் கேட்காமல் சந்திக் கடைக்காரரிடம் கேளுங்கள்: "தண்ணி எதுமட்டும் வந்த?" அவர் சுவரில் கையை வைத்துக் காட்டுவார். காணி வயலை நிரப்பியதா என்றும் விசாரியுங்கள். அனுமதியில்லாமல் நிரப்பியிருந்தால் வீடு கட்ட அனுமதி எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். உறுதியை உங்களுடைய நொத்தாரிஸிடம் கொடுத்து, காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருட உரித்தையாவது பார்க்கச் சொல்லுங்கள். விற்பவரின் நொத்தாரிஸ் போதாது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். முற்பணம் கொடுக்குமுன் ஒரு திங்கட்கிழமை, பாடசாலை நடக்கும் நாளில், காலை ஆறரைக்கு அந்தக் காணி வாசலிலிருந்து புறப்பட்டு உங்கள் கடைக் கதவுக்கு வாருங்கள். மாலையில் கடை பூட்டியபின் திரும்பிப் போய்ப் பாருங்கள். மழை நாளிலும் ஒருமுறை போங்கள். வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள்; பகல் முழுவதும் அங்கே இருக்கப் போகிறவர் அவர்தான்.

திங்கட்கிழமை அவர் போய் வந்தார். காலையில் இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்ததாம். இப்போது கம்பஹா நிலையத்துக்கு அருகே ஆறு பேர்ச்சஸ் தேடிக்கொண்டிருக்கிறார்.