பழைய காருக்கும் ஏற்ற பெட்ரோல் வேண்டும்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற கார்கள் சில வாரங்கள் நின்றுவிட்டுக் கிளம்ப மறுத்தால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறோம். கோளாறை வரிசையாகத் தேடிப் பார்த்தால் வேறு காரணம் தெரியவரும். பேட்டரி தெம்பாக இருக்கிறது, பாயிண்ட் சுத்தமாக இருக்கிறது, பிளக்கில் கரண்ட் வருகிறது என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோல் வரும் வழியை. பற்றவைக்கும் கரண்டைத் துண்டித்துவிட்டு, கார்புரேட்டரில் சேரும் ஓஸைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் விட்டு, செல்ஃப் அடித்துப் பார்த்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். வரவில்லை என்றால் பம்பின் டயாஃப்ரம், ஓஸ், டேங்க் இவற்றில் ஒன்றில் அடைப்போ கசிவோ இருக்கிறது. வந்தும் கிளம்பவில்லை என்றால் ஃப்ளோட் ஊசியையும் ஜெட்டையும் பார்க்க வேண்டும். இப்படித் தேடும்போது உப்பிப்போன ரப்பர், ஃபில்டரில் துரு, கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி என்று தென்பட்டால், எத்தனால் கலந்த பெட்ரோலைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. எல்லாப் பழியையும் அதன் மேல் போடவும் முடியாது. ஓடிச் சூடான இன்ஜினை நிறுத்தியதும் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி, மறுபடி கிளம்பாமல் தொல்லை தருவது எத்தனால் வருவதற்கு முன்பே இருந்த கோளாறு.

எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் அளவு மீறினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. இரும்பு டேங்க் துருப்பிடிக்கிறது, துத்தநாகக் கலவையில் வார்த்த கார்புரேட்டர் அரிக்கப்படுகிறது. இன்னொரு சிக்கல் கலவையின் விகிதம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இன்றைய கார்களில் புகைபோக்கியில் உள்ள சென்சார் இதைக் கண்டறிந்து எரிபொருளைக் கூட்டிக் கொடுக்கிறது. கார்புரேட்டரில் ஜெட்டின் துளை என்ன அளவோ அவ்வளவுதான் வரும். அதனால் கலவை நீர்த்துப்போகிறது. காலையில் சோக் இழுத்தாலும் இன்ஜின் எளிதில் பிடிப்பதில்லை.

20 சதவீத எத்தனால் கலப்பு முதலில் 2030-க்கு வைத்த இலக்கு. அதை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டோம். கச்சா எண்ணெய்க்குச் செலவாகும் அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தை விரிகிறது. இந்தப் பயன்கள் உண்மையானவை. திட்டத்தைக் கைவிடச் சொல்ல முகாந்திரம் இல்லை. ஆனால் நிதி ஆயோக்கின் 2021 வழிகாட்டி ஆவணமே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதத்துக்குச் சரிசெய்த நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று கணித்தது. கார்புரேட்டர் கார்களோ எந்தச் சரிசெய்தலும் காணாதவை. பழைய வாகனங்களில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் மாற்றினால் போதும், செலவும் குறைவு என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் விளக்கியது. தினமும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தலாம். பழைய கார் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். அதற்குக் கேடு வருவது ஓடும் தூரத்தால் அல்ல, பெட்ரோலோடு நிற்கும் காலத்தால். எத்தனால் தாங்கும் ஓஸும் டயாஃப்ரமும் போடலாம், ஜெட்டை மாற்றலாம், செய்யவும் வேண்டும். டேங்கில் சேரும் நீரை அவை எதுவும் தடுக்காது.

விரல்விட்டு எண்ணக்கூடிய ஆர்வலர்களுக்காக நாடே மாற வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வரும்வரை இந்தியாவில் விற்ற மொபெட்டுகளிலும் சிறிய பைக்குகளிலும் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகள்தான். பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் அவற்றில் ஒன்று. எனவே, இது பணக்காரர்களின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. புகை கக்கும் பழைய வண்டி ஒழியட்டுமே என்பவர்களுக்கு அரசின் சொந்த விதியே பதில். 50 ஆண்டு கடந்த வாகனங்களைப் பாரம்பரியச் சொத்தாக ஏற்று, ‘விஏ’ எழுத்துகளோடு தனிப் பதிவெண் தரும் விதியை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. அன்றாடப் பயணத்துக்கு அவற்றை ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கும் எரிபொருள் நிரப்பவும் பராமரிப்புக்கும் மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்கிறது அந்த விதி. பாதுகாக்க வேண்டியவை என்று ஏற்றுக்கொண்ட வாகனங்களுக்குப் பொருந்தும் எரிபொருளும் பங்க்கில் கிடைக்க வேண்டாமா?

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க உத்தரவிடக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே இது அரசு கொள்கையளவில் தீர்க்க வேண்டிய விஷயம். ஊருக்கு ஊர் புதிதாக நிலத்தடித் தொட்டி தோண்ட முடியுமா என்ற தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் தோண்டவே தேவையில்லை. 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலப்பைச் சாதாரண பெட்ரோலாக்கிய பிரிட்டன், விலை கூடிய சூப்பர் ரகத்தை 5 சதவீதத்துக்குள் வைத்துப் பழைய வண்டிகளுக்கு வழிவிட்டது. இங்கும் பல பங்க்குகளில் பிரீமியம் பெட்ரோலுக்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போது எத்தனாலைத் தவிர்க்க நினைக்கும் ஆர்வலர்கள், பெருநகரங்களில் சில இடங்களில் மட்டும், மிக அதிக விலையில் கிடைக்கும் 100 ஆக்டேன் பெட்ரோலைத் தேடி அலைகிறார்கள். அமுக்கவிகிதம் குறைந்த பழைய இன்ஜினுக்கு அத்தனை ஆக்டேன் தேவையே இல்லை. மாவட்டத் தலைநகரங்களிலாவது பிரீமியம் ரகத்தில் எத்தனாலை 5 சதவீதத்துக்குள் நிறுத்தலாம். கூடுதல் விலையை வாங்குபவர்களே ஏற்கட்டும். எந்தக் குழாயில் எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு பங்க்கிலும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.