தேய்மானம் முள்ளுக்கா, தட்டுக்கா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சண்டை போடற மூடுல இருக்கேன். "என்ன இருந்தாலும் பழைய கார்ட்ரிட்ஜ் பழசுதான்யா, அந்த சத்தத்தை இப்ப எவன் குடுக்கறான்?" என்று டொராண்டோ பேஸ்மென்ட்களில் உட்கார்ந்து தலையாட்டும் நம்ம ஆட்களோடுதான் சண்டை.

விஷயம் இதுதான். ஊருக்குப் போகும்போது சித்தூரிலோ திருப்பதியிலோ பரண்மேல் கிடக்கும் இசைத்தட்டுகளைப் புடவைக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவருகிறோம். எங்கள் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் இருக்கும். 1963-ல் வந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி., தேவஸ்தானத்துக்காக அவர் பாடிய பாலாஜி பஞ்சரத்ன மாலா, கொஞ்சம் வசதியான வீடென்றால் சித்தூர் நாகையா, சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பாடிய 78 சுழற்சி அரக்குத் தட்டுகள். இதுவரைக்கும் சரி.

அப்புறம் என்ன செய்கிறோம்? இணைய ஏலத்தில் 1970-களின் ஷ்யூர் கார்ட்ரிட்ஜ் ஒன்றை நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறோம். அதன் முள் எத்தனை மணி நேரம் ஓடியது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அதைத்தான் தாத்தா வைத்திருந்த தட்டின் மேல் இறக்குகிறோம்!

நான் பேங்க் ஆளு. பி.காம். படிச்சவன். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். தட்டு முதல். முள் தேய்மானச் சொத்து. தேய்மானம் முள்ளுக்கு வரலாம், முதலுக்கு வரக்கூடாது. தேய்ந்த முள்ளை விட்டெறிந்துவிட்டு வேறு வாங்கலாம். தட்டின் பள்ளம் ஒருமுறை சிதைந்தால் எந்தக் கடையிலும் ரிப்பேர் கிடையாது.

கணக்கும் போட்டுவிடுவோம். ஆடியோ டெக்னிகாவின் மலிவு ரகத்தில் ஏடி-விஎம்95இ என்று ஒன்று. இங்கே சுமார் நூறு டாலர். நீள்வட்ட முனை, தட்டின் மேல் வைக்கும் எடை 2 கிராம். இந்த வகை முள்ளுக்கு அந்தக் கம்பெனியே சொல்லும் ஆயுள் சுமார் 300 மணி நேரம். தினமும் காலையில் ஒரு பக்கம், 20 நிமிடம் என்று வைத்தால் வருஷத்துக்கு 122 மணி நேரம். ஆக இரண்டரை வருஷத்தில் முள் காலி. புது முள்ளே இவ்வளவுதான் தாங்கும் என்றால், ஐம்பது வருஷமாக யார் யார் வீட்டிலோ ஓடிய முள்ளின் கதியை நீங்களே யோசியுங்கள்.

"முள்ளை மட்டும் மாத்திக்குவோம்ல, உடம்பு ஒரிஜினல் ஷ்யூர்தானே?" என்பார்கள். ஐயா, அங்கேதான் மாட்டிக்கிறீங்க. மூவிங் மேக்னெட் வகையில் வைர முனை, அதைத் தாங்கும் சின்னக் குழாய், அதன் மறுமுனையில் இருக்கும் காந்தம், அசைவைக் கட்டுப்படுத்தும் ரப்பர், எல்லாமே முள்ளோடு சேர்ந்து கழன்று வந்துவிடும். உடம்பில் மிஞ்சுவது கம்பிச் சுருளும் இரும்புத் துண்டுகளும்தான். சத்தத்தின் குணத்தில் பெரும்பங்கு முள்ளில் இருக்கிறது. ஷ்யூர் கம்பெனி 2018-லேயே கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. யாரோ செய்த பத்து டாலர் முள்ளைச் செருகிவிட்டு "ஷ்யூர் சத்தம்" என்றால், பேர் மட்டும் ஷ்யூர், பாடுவது வேறு ஆள்! பழைய ஒரிஜினல் முள்ளே பெட்டி பிரிக்காமல் கிடைத்தாலும், அதில் இருக்கும் ரப்பர் இத்தனை வருஷத்தில் இறுகியிருக்கலாம்.

அடுத்தது அந்த "வெதுவெதுப்பு". ஒரு நண்பர் வீட்டில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டோம். தட்டு அதே சுப்ரபாதம். பழையதில் குரல் மெத்தென்று இருந்தது, உண்மை. ஆனால் தம்புரா பின்னால் போய் ஒளிந்துகொண்டது. பக்கத்தின் கடைசியை, அதாவது தட்டின் உட்புறத்தை நெருங்க நெருங்க 'ஸ', 'ஷ' வரும் இடமெல்லாம் கரகரப்பு. நூறு டாலர்க்காரனில் தம்புரா தெளிவாக இருந்தது, கரகரப்பும் குறைந்தது. மேல் சுருதிகள் காணாமல் போனதற்கு வெதுவெதுப்பு என்று பேர் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. 1973-ல் வந்த ஷ்யூர் வி15 டைப் 3, ஒயரும் பிரீஆம்ப்பும் சேர்ந்து 400-500 பிக்கோஃபேரட் கெப்பாசிட்டன்ஸ் கேட்கும். விஎம்95 கேட்பது 100-200. இதைச் சரி பார்க்காமல் ஒரே பிரீஆம்ப்பில் இரண்டையும் மாட்டி, "பழசு ஜெயிச்சிடுச்சு, புதுசு தோத்துடுச்சு" என்று தீர்ப்பு சொல்வதெல்லாம் சும்மா.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். நல்ல பழைய உடம்பு, அதற்கு ஜப்பானின் ஜிக்கோ போன்றவர்கள் செய்யும் தரமான புது முள், சரியான பொருத்தம். மூன்றும் அமைந்தால் அருமையாகவே பாடும். ஆனால் மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசுக்கு இன்றைய கார்ட்ரிட்ஜில் இன்னும் இரண்டு படி மேலே போகலாம்.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது 78 தட்டுகளை நினைத்துத்தான். எல்.பி. முள்ளின் முனை சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78-இன் அகலமான பள்ளத்துக்கு வேண்டியது சுமார் 3 மில். எல்.பி. முள்ளை அதில் இறக்கினால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையில் உருண்டுகொண்டு போகும். சுப்பிரமணிய பிள்ளையின் 'மதுரா நகரிலோ' கேட்க உட்கார்ந்தால் கேட்பது அடைமழைதான். உடனே "தட்டு போயிடுச்சு" என்று மூலையில் வைத்துவிடுகிறோம். தட்டு போகவில்லை சார், முள்தான் தப்பு. விஎம்95 குடும்பத்திலேயே 78-க்கென்று 3 மில் முள் வருகிறது. அதற்கு எடை 5 கிராம் வைக்க வேண்டும். மறக்காதீர்கள்.

சுப்ரபாதத்தை இணையத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் 78-களில் எத்தனையோ பாட்டுகள் இன்னும் எங்கேயும் ஏறவில்லை. உங்கள் அலமாரியில் இருப்பது கடைசிப் பிரதிகளில் ஒன்றாகவும் இருக்கலாம். அதன் மேல் ஊர் பேர் தெரியாத முள்ளை ஓட்டுவதற்குப் பாசம் என்று பேர் வைக்காதீர்கள்.

"அந்தக் காலம், அந்தக் காலம்" என்கிறீர்களே, அந்தக் காலத்து வழக்கம் என்ன தெரியுமா? சாவி கொடுக்கும் கிராமபோனுக்கு எஃகு முள் டப்பாவில் வரும். ஒரு முள் ஒரு பக்கத்துக்குத்தான். தட்டைத் திருப்பினால் முள்ளும் புதுசு. தட்டைக் காப்பாற்ற முள்ளைப் பலி கொடுத்தார்கள் நம் தாத்தாக்கள். நாம் முள்ளின் கம்பெனிப் பேரைக் காப்பாற்றத் தட்டைப் பலி கொடுக்கிறோம்.

முதலில் புது முள் வாங்குங்கள். மிச்சக் காசில் டிக்கெட் போட்டு ஊருக்குப் போய், பரணில் இன்னும் என்னென்ன கிடக்கிறது என்று பாருங்கள்.