பெட்டைப் பூனைக்குக் கருத்தடை: ஆட்டுப் பட்டிக்கும் அது பாதுகாப்பு

தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, ‘கருத்தடை’ என்ற சொல் செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்பது அதன் சாரம். பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது என்று நவம்பர் 7 அன்று இன்னோர் உத்தரவும் வந்தது.

இந்தப் பேச்சில் பூனைக்கு இடமே இல்லை. 2001-ல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின் பெயரிலேயே ‘நாய்கள்’ என்று இருந்தது. 2023-ல் வந்த புதிய விதிகளின் பெயரில் அந்தச் சொல் இல்லை. ஆனாலும் உள்ளாட்சி அமைப்புகளின் கவனம் நாய்கள் மீதுதான் இருக்கிறது. ஆகவே, வீட்டுப் பூனையின் பொறுப்பு வீட்டுக்காரரையே சேரும். ஆடு வளர்ப்பவர்கள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும்.

ஒரு பூனை எத்தனை பூனையாகும்?

பெட்டைப் பூனை ஐந்து, ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள். ஒரு ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டிகள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்றுகூட உண்டு. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகலாம்.

ஈற்றுக்கு நான்கு குட்டி, ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்று கணக்கிட்டாலே ஆண்டுக்கு எட்டுக் குட்டிகள். அவற்றில் பாதி பெட்டை என்றால், அடுத்த ஆண்டு குட்டி போடத் தாயோடு சேர்த்து ஐந்து பூனைகள் தயார். பல குட்டிகள் நோயிலும் நாய்க்கடியிலும் சாகின்றன. சிலவற்றைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் வேறு ஊரில் விட்டுவிடுகிறோம். இதனால் எண்ணிக்கை குறைவதில்லை. நம் தொல்லை அடுத்த ஊருக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஆட்டுக்கும் பூனைக்கும் என்ன தொடர்பு?

டாக்ஸோபிளாஸ்மா என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. எலி, பறவை, பச்சை இறைச்சி ஆகியவற்றைத் தின்னும்போது பூனைக்கு இது தொற்றும். முதல்முறை தொற்றும்போது ஒன்று முதல் மூன்று வாரம் வரை பூனையின் மலத்தில் லட்சக்கணக்கான முட்டைகள் வெளியேறும். ஓரிரு நாளில் இவை நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். ஈரமான மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வைக்கோல் போரிலும் தீவன அறையிலும் பூனை மலம் கழித்தால், அந்தத் தீவனம் வழியாக இது செம்மறியாடு, வெள்ளாடுகளுக்குப் போகிறது. சினை ஆடு முதன்முறையாகப் பாதிக்கப்பட்டால் குட்டி வீசலாம், செத்த குட்டி பிறக்கலாம், நோஞ்சான் குட்டிகள் பிறக்கலாம். வெளியில் ஆட்டிடம் ஒரு நோய் அறிகுறியும் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெரும்பாலும் முட்டைகளை வெளியேற்றுவது புதிதாக வேட்டையாடத் தொடங்கும் இளம் பூனைகள்தான். ஒருமுறை தொற்று வந்துபோன வளர்ந்த பூனை பொதுவாக மறுபடி அதிகம் வெளியேற்றாது. அதனால் வயலுக்கும் பட்டிக்கும் ஆபத்து வளர்ந்த பூனையைவிட, ஆண்டுதோறும் வைக்கோல் போரில் பிறந்து வளரும் புதுக் குட்டிகளால்தான் அதிகம். பூனையை விரட்டினால் எலி பெருகும். கருத்தடை செய்த இரண்டொரு வளர்ந்த பூனையை வைத்துக்கொள்வதே இரண்டுக்கும் தீர்வு.

ஆடு குட்டி வீசினால் எல்லாவற்றுக்கும் பூனையே காரணம் என்று முடிவு செய்யாதீர்கள். புருசெல்லா போன்ற வேறு நோய்களும் உண்டு. கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதனை செய்யுங்கள்.

‘கருத்தடை செய்தால் எலி பிடிக்காது’ என்பது சரியா?

சரியல்ல. எலி பிடிப்பது பூனையின் இயல்பு; தாயிடம் பழகியும் கற்கிறது. இனப்பெருக்க உறுப்பை நீக்குவதால் அது போகாது. கருத்தடை செய்த கடுவன் ஊர் சுற்றுவதும், சண்டை போட்டுக் காயம்படுவதும், சிறுநீர் பீய்ச்சி நாற்றம் ஏற்படுத்துவதும் குறையும். வீட்டையும் களத்தையும் விட்டு அதிகம் அகலாது. உடல் எடை கூடலாம் என்பதால் சோறு, பாலைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

செய்ய வேண்டியவை

* ஐந்து, ஆறு மாத வயதில், முதல் சினைக்கு முன்பே செய்வது நல்லது. பால் கொடுக்கும் பூனைக்குக் குட்டிகள் பால் மறந்த பிறகு செய்யலாம். அதுவரை கடுவனோடு சேரவிடாதீர்கள்.
* அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அங்கு அறுவை வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவமனைக்கோ, கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ வழி சொல்வார்கள்.
* எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள். காற்றுப் புகும் கூடையில் கொண்டு போங்கள்.
* அறுவைக்குப் பின் பத்து நாள் ஈரம்படாத, சுத்தமான இடத்தில் அடைத்து வையுங்கள். தையலை நக்கவிடக் கூடாது.
* வலிக்கு வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம், உயிர் போகும்.
* கடுவனுக்கு அறுவை செய்த பிறகும் சில வாரம் சினைப்படுத்தும் திறன் இருக்கலாம்.
* அதே சமயத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பட்டியில் கவனம்

தவிடு, பிண்ணாக்கு, அடர்தீவனத்தை மூடி வையுங்கள். ஆடு வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நாய், பூனைக்குப் போடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையிலும், பூனை மலம் அள்ளும் வேலையிலும் ஈடுபட வேண்டாம். இந்த ஒட்டுண்ணி வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கும்.

ஒரு வீட்டில் மட்டும் செய்தால் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுக்கொண்டேதான் இருக்கும். தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து, பெட்டைப் பூனைகளைக் கணக்கெடுத்துக் கால்நடை மருத்துவரிடம் ஒன்றாகப் போய்க் கேளுங்கள். உங்கள் ஊராட்சியில் நாய்களுக்குக் கருத்தடை முகாம் திட்டமிட்டால், பூனைகளையும் சேர்க்க முடியுமா என்று கிராம சபையில் கேட்டுப் பாருங்கள்.