தோத்தவனுக்கு மறுநாளும் ஒரு மேட்ச் வேணும்

மக்களே, வழக்கமா இங்க பட்ஜெட், சினிமா, பரீட்சை பயம்னு கலந்து கட்டி எழுதிட்டிருப்பேன். இன்னிக்கு பாஸ்கெட்பால். "உன் உயரத்துக்கு கேரம் போர்டே ஜாஸ்திடா"ன்னு என் கிளாஸ் பசங்க சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. விளையாடத்தான் உயரம் வேணும், பார்க்கறதுக்கும் பேசறதுக்கும் வேண்டாமே :-)

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை காலை. நமக்கு ஆறு மணின்னா அமெரிக்காவுல முந்தின நாள் ராத்திரி. என்.பி.ஏ. ஃபைனல்ஸ் முதல் ஆட்டம். ஒரு பக்கம் ஓக்லஹோமா சிட்டி தண்டர், அந்த சீசன்ல 82 ஆட்டத்துல 68 ஜெயிச்ச டீம். இன்னொரு பக்கம் இண்டியானா பேசர்ஸ். பேசர்ஸ் கடைசி கால் பாகத்துல 15 பாயிண்ட் பின்னாடி இருந்தாங்க. அம்மா காபி கொண்டு வந்து வெச்சுட்டு "காலங்காத்தால போனா"ன்னு திட்டிட்டுப் போனாங்க. காபி ஆறிடுச்சு. ஆட்டம் முடிய 0.3 செகண்ட் இருக்கும்போது டைரீஸ் ஹாலிபர்ட்டன் ஒரு ஷாட் போட்டான். உள்ள போயிடுச்சு. 111-110. அந்த ஆட்டம் முழுக்க பேசர்ஸ் முன்னிலையில இருந்ததே அந்த 0.3 செகண்ட் மட்டும்தான்!

இப்ப ஒரு கேள்வி. இது நம்ம ஐ.பி.எல். மாதிரி ஒரே ஒரு ஃபைனலா இருந்திருந்தா? கதை அங்கயே முடிஞ்சிருக்கும். கப்பு இண்டியானாவுக்கு.

ஆனா அங்க அப்படி இல்ல. ஏழு ஆட்டத்துல யார் முதல்ல நாலு ஜெயிக்கிறாங்களோ அவங்கதான் சாம்பியன். அடுத்த ஆட்டம் தண்டர் ஜெயிச்சாங்க. அப்புறம் பேசர்ஸ், அப்புறம் ரெண்டு தடவை தண்டர், ஆறாவது மறுபடியும் பேசர்ஸ். கடைசியில ஏழாவது ஆட்டத்துல 103-91னு தண்டர் ஜெயிச்சு கப்பை எடுத்துட்டுப் போனாங்க. முதல் நாள் 0.3 செகண்ட்ல கையை விட்டுப் போனதைத் திருப்பி எடுக்க அவங்களுக்கு ரெண்டு வாரம் கெடச்சுது.

நான் சொல்ல வர்றது இதுதான். சாம்பியன்ஷிப்புன்னா அது ஒரு தொடரா இருக்கணும். ஒரு சாயங்காலத்துல முடியற விஷயமா இருக்கக் கூடாது. அது மட்டும் இல்ல, நம்ம ஊர் விளையாட்டுல இல்லாத முக்கியமான விஷயமே இந்த "அடுத்த ஆட்டம்"தான்.

முதல்ல கணக்கு. (காமர்ஸ் படிக்கிறவன் கணக்கு சொல்லலைன்னா எப்படி?) ஒரு டீம் இன்னொரு டீமை விட நல்ல டீம்னு வெச்சுக்குவோம். பத்து தடவை மோதினா ஆறு தடவை ஜெயிக்கும். ஒரே ஃபைனல் வெச்சா அந்த நல்ல டீம் கப்பு ஜெயிக்க வாய்ப்பு 60 சதவீதம். மூணு ஆட்டத் தொடர் வெச்சா 64.8. அஞ்சு ஆட்டம்னா 68.3. ஏழு ஆட்டம்னா 71. நம்ம ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல வர்ற பைனாமியல் கணக்குதான், சந்தேகம் இருந்தா போட்டுப் பாருங்க.

"அவ்ளோதானா? ஏழு ஆட்டம் ஆடியும் பதினோரு சதவீதம்தான் கூடுதா?"ன்னு கேப்பீங்க. எனக்கும் இந்த விடை வந்தப்ப சப்புன்னு ஆயிடுச்சு. ஏழு ஆட்டம் வெச்சாலும் பத்துல மூணு தடவை சுமாரான டீம்தான் ஜெயிக்கப் போகுது. அதிர்ஷ்டத்தை ஒழிக்கத்தான் தொடர்னு சொன்னா அந்த வாதம் பாதிதான் நிக்கும்.

ஆனா இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. ஒவ்வொரு ஆட்டத்துலயும் அதே டீம் அதே மாதிரி ஆடும்னு அது நெனச்சுக்குது. மனுஷங்க அப்படியா?

2015 ஃபைனல்ஸை எடுத்துக்கங்க. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், லெப்ரான் ஜேம்ஸோட கிளீவ்லேண்ட் கவாலியர்ஸ்கிட்ட 1-2ன்னு பின்னாடி இருந்தாங்க. நாலாவது ஆட்டத்துக்கு அவங்க கோச் ஸ்டீவ் கெர் உயரமான சென்டரை உக்கார வெச்சுட்டு ஆண்ட்ரே இகுவடாலாவை முதல்லயே எறக்கினார். அந்த சீசன்ல அவர் ஒரு ஆட்டத்தைக் கூட முதல் அஞ்சு பேர்ல ஒருத்தரா ஆரம்பிச்சது கெடயாது. வரிசையா மூணு ஆட்டம் ஜெயிச்சு கப்பு வாங்கினாங்க. தொடரோட சிறந்த வீரரும் இகுவடாலாதான். அடுத்த வருஷமே, 2016ல, அதே ரெண்டு டீம். இந்தத் தடவை கிளீவ்லேண்ட் 1-3ன்னு பின்தங்கி, அப்புறம் மூணையும் ஜெயிச்சது. என்.பி.ஏ. ஃபைனல்ஸ்ல அதுக்கு முன்னாடி யாரும் அப்படித் திரும்பி வந்ததில்ல.

ஆக, தொடர்ல தோத்தவனுக்கு யோசிக்க ஒரு ராத்திரி கெடைக்குது. எங்க தப்பு பண்ணோம், யாரை மாத்தணும்னு பார்க்கலாம். ஜெயிச்சவனுக்கும் நிம்மதி கெடயாது, நேத்து பண்ணின வித்தையை இன்னிக்கு எதிராளி கத்துக்கிட்டு வந்திருப்பான். ஒரே மேட்ச்ல இதுக்கெல்லாம் இடமே இல்ல.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது சுலபமா புரியும். பௌர்ணமி அன்னிக்கு கிரிவலம் 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தாண்டும்போது எல்லாரும் வேகமாத்தான் போவாங்க, செல்ஃபி எல்லாம் எடுத்துக்கிட்டு. குபேர லிங்கம் வரும்போது பாருங்க, யாருக்குக் கால் இருக்குன்னு அப்பதான் தெரியும். வேகமா ஆரம்பிச்சவங்க பாதிப் பேர் ரோட்டோரம் உக்காந்து பாதத்தைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருப்பாங்க. (போன தடவை அதுல நானும் ஒருத்தன்.)

சரி, எதிர்வாதத்துக்கு வருவோம். என் ஃப்ரெண்டு ஒருத்தன் கிரிக்கெட் வெறியன். அவன்கிட்ட இதைச் சொன்னதும் "1983ல ஏழு ஆட்டத் தொடர் வெச்சிருந்தா கபில்தேவ் கப்பைத் தொட்டிருப்பாராடா?"ன்னு கேட்டான். நல்ல அடி. உலகக் கோப்பை முடிஞ்சு சில மாசத்துலயே வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்து ஒரு நாள் போட்டியில 5-0ன்னும் டெஸ்டுல 3-0ன்னும் நம்மளைப் பொளந்துட்டுப் போனாங்க. ஒரே ஃபைனல்ங்கறதாலதான் சின்னவனுக்கும் வழி கெடைக்குதுங்கறது அவன் கட்சி.

வீட்டுக்குப் போய் ஸ்கோர்களைத் தேடிப் பார்த்தேன். அந்த உலகக் கோப்பையில இந்தியாவும் வெஸ்ட் இண்டீஸும் மூணு தடவை மோதியிருக்காங்க. முதல் ஆட்டம் இந்தியா 34 ரன்ல ஜெயிச்சது. ரெண்டாவது வெஸ்ட் இண்டீஸ் 66 ரன்ல. ஃபைனல் இந்தியா 43 ரன்ல. அதாவது மூணு ஆட்டத் தொடரா பார்த்தாலும் 2-1, நம்மதான் சாம்பியன்! மறுநாள் காலைல அவனைப் பார்த்ததும் இதைத்தான் முதல்ல சொன்னேன், குட்மார்னிங் கூட சொல்லல. சின்னவன் ஒரு தடவை ஜெயிச்சா "குருட்டாம்போக்கு"ன்னு சொல்லுவாங்க. ரெண்டு தடவை ஜெயிச்சா யாரும் வாயைத் திறக்க முடியாது.

இன்னொரு எதிர்வாதம் உண்டு, அதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. நீளமான தொடர் உடம்பைத் தின்னுடும். அதே 2025ல, முதல் ஆட்டத்தை ஜெயிச்சுக் குடுத்த ஹாலிபர்ட்டன் அஞ்சாவது ஆட்டத்துல கெண்டைக்கால்ல அடிபட்டு, ஏழாவது ஆட்டத்தோட முதல் பாகத்துலயே குதிகால் நரம்பு கிழிஞ்சு தரையில விழுந்தான். அதனாலதான் நான் நமக்கும் ஏழு ஆட்டம் வேணும்னு கேக்கல. மூணு போதும்.

இங்கதான் நம்ம ஊர் கதை. தமிழ்நாட்டுல பாஸ்கெட்பால் இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2022 ஏப்ரல்ல சென்னையில நடந்த சீனியர் நேஷனல்ஸ்ல ஆண்கள் சாம்பியன் தமிழ்நாடுதான். சென்னைக்காரங்க அனிதா பால்துரை பத்தொம்பது வயசுல இந்தியப் பெண்கள் டீமுக்கு கேப்டன் ஆனவங்க, 2021ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. பெரியகுளத்துலயும் கோயம்புத்தூர்லயும் வருஷா வருஷம் நடக்கிற அகில இந்திய டோர்னமென்ட்டுகளுக்கு ராணுவம், ரயில்வே, பேங்க் டீமெல்லாம் வந்து ஆடுவாங்க.

ஆனா புரொஃபஷனல் லீக்? 2015ல யு.பி.ஏ.ன்னு எட்டு டீமோட ஒண்ணு ஆரம்பிச்சாங்க, சென்னை ஸ்லாம்னு நம்ம டீமும் இருந்தது. 2017க்கு அப்புறம் அது இல்ல. 2022 அக்டோபர்ல ஐ.என்.பி.எல். கொச்சியில தொடங்கி 2023 ஜனவரியில பெங்களூர்ல முடிஞ்சது. ஆறு டீம்ல ஜெயிச்சது சென்னை ஹீட். என் கிளாஸ்ல அறுபது பேர்கிட்ட கேட்டேன், ஒருத்தனுக்கும் அந்தப் பேரு தெரியல. சென்னை சூப்பர் கிங்ஸ் கப்பு ஜெயிச்ச அன்னிக்கு எங்க தேரடித் தெருவுல பட்டாசு வெடிச்சாங்க!

தெரியாதது அவங்க தப்பு இல்ல. ஒரு டீம் மனசுல ஒட்டணும்னா அது திரும்பத் திரும்பக் கண்ணுல படணும். இன்னிக்குத் தோத்து, நாளன்னிக்கு வந்து பழி வாங்கணும். ஓக்லஹோமா சிட்டி நம்ம கோயம்புத்தூரை விட ஜனத்தொகை கம்மியான ஊர். 2008லதான் அங்க டீமே வந்தது. பதினேழு வருஷம் அந்த ஊர்க்காரங்க சொந்த ஊர்லயே டீம் தோக்கறதையும் ஜெயிக்கறதையும் பார்த்தாங்க. நாம ஒரு லீக்கை ரெண்டு சீசன் பார்த்துட்டு "ஓடல"ன்னு இழுத்து மூடிடறோம்.

லீக் நிக்காததால விளையாடறவனுக்கு மிச்சம் இருக்கறது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை ஒண்ணுதான். அனிதா பால்துரையே தெற்கு ரயில்வேயில வேலை பார்த்துக்கிட்டு ஆடினவங்கதான். அதுல தப்பே இல்ல, சோறு போடற வழி அது. ஆனா அந்த வழிக்குப் போற வாசல் எல்லாமே ஒரே நாள் வாசல்.

ஸ்கூல்ல என்கூடப் படிச்ச ஒருத்தன். பேரு வேண்டாம். காலைல அஞ்சரைக்கெல்லாம் கிரவுண்டுல இருப்பான். சிமெண்ட் தரை, வளையத்துல வலை கூட இருக்காது. பந்து உள்ள போச்சா இல்லையான்னு சண்டை வரும். ஒரு செலக்ஷனுக்குப் போனான். முந்தின நாள் ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். மாத்திரை போட்டுட்டுப் போய் இருபது நிமிஷம் ஆடினான், ஒண்ணும் உள்ள போகல. அவ்வளவுதான், லிஸ்ட்ல பேர் இல்ல. "அடுத்த வருஷம் வா"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் வயசு தாண்டிடுச்சு. இப்ப குரூப் ஃபோருக்குப் படிக்கிறான். நான் அந்த ஏழாவது ஆட்டத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சப்ப அவன் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னான். "எனக்கு ரெண்டாவது ஆட்டம் இருந்திருந்தா போதும் மச்சி."

இதை எழுதறதுக்குக் காரணமே அந்த வார்த்தைதான்.

அதனால என் யோசனை ரெண்டு. ஒண்ணு, நம்ம டோர்னமென்ட்டுகள்ல ஃபைனலை மட்டுமாவது மூணு ஆட்டமா வையுங்க. செலவு ஜாஸ்தின்னு சொல்வீங்க. யோசிச்சுப் பாருங்க, டீமோட ரயில் டிக்கெட், தரை, லைட், கேலரி எல்லாத்துக்கும் ஏற்கெனவே பணம் போட்டாச்சு. அது நிலையான செலவு. கூடுதலா ரெண்டு சாயங்காலத்துக்கு ரெண்டு டீமோட தங்கற இடம், சாப்பாடு, நடுவர் படி, கரண்ட் பில் மட்டும்தான். ஃபைனலுக்குத்தான் கூட்டமும் வரும், ஸ்பான்சரும் வருவார். ஒரு நாள் வந்த கூட்டம் 1-1ன்னு ஆனா மூணாம் நாள் பக்கத்து வீட்டுக்காரனையும் கூட்டிட்டு வரும். ஆஸ்திரேலியாவுல முத்தரப்புக் கிரிக்கெட் ஃபைனலையே இப்படித்தான் மூணு ஆட்டமா நடத்தினாங்க. 2008ல சச்சின் சிட்னியில 117, பிரிஸ்பேன்ல 91 அடிச்சு நாம 2-0ன்னு ஜெயிச்சது ஞாபகம் இருக்கா?

ரெண்டாவது, இது இன்னும் முக்கியம். செலக்ஷனை ஒரே நாள்ல முடிக்காதீங்க. மூணு நாள் வையுங்க. பசங்களைக் கலந்து கலந்து டீம் பிரிச்சு ஆட விடுங்க. முதல் நாள் சொதப்பினவன் ரெண்டாம் நாள் என்ன பண்றான்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு நல்ல ஆட்டக்காரனைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல பரீட்சை கெடயாது. தண்டரை முதல் ஆட்டத்தை மட்டும் பார்த்து எடை போட்டிருந்தா, கடைசி நிமிஷத்துல கோட்டை விட்டவங்கன்னுதான் எழுதியிருப்போம்.

செமஸ்டர்ல அரியர் வெச்சா கூட நமக்கு மறுபடி எழுத ஒரு வாய்ப்பு குடுக்கறாங்க. (அனுபவஸ்தன் சொல்றேன், கேட்டுக்கங்க.) கிரவுண்டுல நிக்கறவனுக்கு மட்டும் ஏன் அது இல்ல?

டிஸ்கி: பேர் சொல்லாத அந்த நண்பனுக்கு இதைப் படிச்சுக் காட்டிட்டுத்தான் போடறேன். "காய்ச்சல் 101தான்டா, 102ன்னு ஏத்தாத"ன்னான். திருத்தலாம்னு பார்த்தா, பக்கத்துல இருந்த அவங்க அம்மா "102தான், நான்தான் பார்த்தேன்"னாங்க. அப்படியே விட்டுட்டேன்.