மெற்றல் இசையும் வன்னிப் பறையும்

மின்கிற்றார் முழங்கும் மெற்றல் இசை வன்னி மண்ணுக்கு ஒவ்வாத அந்நியக் கூச்சல் என்போர் அதன் பிறப்பை அறியாதோர். 1965இல் பேர்மிங்காம் நகரின் தகட்டுத் தொழிற்சாலையொன்றில் இயந்திரம் ரொனி அயோமியின் இரு விரல்நுனிகளைத் துண்டித்தது. அவர் பிளாஸ்ரிக்கை உருக்கி விரலுறை செய்தார். நொந்த விரலுக்கு இணங்கத் தந்திகளைத் தளர்த்தினார். 1971இல் வெளிவந்த பிளக் சபத் குழுவின் மூன்றாம் இசைத்தொகுப்பில் ஒலிக்கும் அக்கனத்த தாழ்சுருதி, விரலிழந்த தொழிலாளி ஒருவரின் கண்டுபிடிப்பு. போரில் அங்கமிழந்தோர் வாழும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்குமா இது அந்நியம்?

ஆயின், புதிய தொகுப்பொன்றை ஆக்க முனையும் வன்னி இளைஞர் வேறொரு பிழைக்கு அஞ்சுதல் வேண்டும். பாட்டு முழுவதையும் கிற்றாரில் அமைத்து முடித்தபின் பறையொலியை ஓரத்தில் தூவுவது ஆக்கமன்று, திருவிழாத் தோரணம். பிரேசிலின் செபுல்துரா குழு, 1996இல் வெளியான 'றூற்ஸ்' தொகுப்புக்காக ஷவாந்தே பழங்குடியினரின் ஊருக்கே சென்று அவர்களோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தது. இங்கோ பறைஞருக்கு ஊர் இன்னும் தொலைவில்லை, மனந்தான் தொலைவு. சாவீட்டில் அவரை முற்றத்துக்கு அப்பால் நிறுத்திய சமூகம், ஒலிப்பதிவுக் கூடத்திலும் நாட்கூலியாகவே நிறுத்துமாயின், 2009இன் துயரைப் பாட அதற்கு என்ன உரிமை? அவர் அடிக்கும் அடியிலிருந்து பாட்டு எழட்டும். தொகுப்பின் உறையில் பாடலாசிரியர் பெயருக்கு அருகே அவர் பெயரும் அச்சாகட்டும். விற்பனைப் பங்கும் அவர் கைக்குச் சேரட்டும்.